கருமுட்டையின் மேல் விழும் சந்தேகம்

கல்யாணமாகி மூன்று, நான்கு வருடம் கழித்துக் குழந்தையின்மை மருத்துவரைப் பார்க்க வரும் தம்பதியின் ஃபைலைத் திறந்தால், எந்த ஊரானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மனைவியின் தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை அளவுகள். மாதவிலக்கின் இரண்டாம் நாள் எடுத்த ஹார்மோன் பரிசோதனை. ஒன்பதாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்த ஃபாலிக்குலர் ஸ்கேன். அதில் 14, 17, 20 மில்லிமீட்டர் என்று வளர்ச்சியும், கடைசியில் முட்டை வெடித்துவிட்டது என்ற குறிப்பும். கருக்குழாயில் அடைப்பில்லை என்று காட்டும் டியூப் டெஸ்ட். கணவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு விந்தணு ரிப்போர்ட். எல்லாம் நார்மல். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை, பரிசோதனையிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் அதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் 'காரணம் புலப்படாத குழந்தையின்மை'. சிகிச்சை தேடி வருகிறவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இந்தப் பெயர்தான் கிடைக்கிறது.

இந்தப் பெயர் யாருக்கும் பிடிப்பதில்லை. மருத்துவருக்குச் சங்கடம், தம்பதிக்கு ஏமாற்றம், வீட்டுப் பெரியவர்களுக்கோ அது ஒரு பதிலே இல்லை. அதனால் அடுத்த ஆலோசனையிலோ அதற்கடுத்ததிலோ ஒரு காரணம் வந்து சேர்கிறது: முட்டை குவாலிட்டி சரியில்லை. சொல்லி முடித்தவுடன் ஃபைலின் கனம் முழுவதும் மனைவியின் மடியில் வந்து விழுகிறது.

முட்டையின் தரம் என்பது கற்பனையில்லை. கருத்தரிப்பில் அதன் பங்கு மிகப் பெரியது என்பதற்கு நாற்பது ஆண்டுச் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான பெண்களைக் கூட்டமாகப் பார்த்துக் கண்டவை. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு பெண்ணின் முட்டை எப்படி என்பதை, அதை வெளியே எடுக்காமல் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. எடுத்தாலும் பாதிதான் சொல்ல முடியும். கூட்டத்தைப் பற்றிய அறிவு ஒருத்தியைப் பற்றிய தீர்ப்பாக மாறும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சந்தேகம் ஏன் முட்டை மீது போகிறது என்பதில் நியாயம் உண்டு. வழக்கமான பரிசோதனைகள் எதுவும் முட்டையைப் பார்ப்பதே இல்லை. ஸ்கேனில் கறுப்பு வட்டமாகத் தெரிவது முட்டை மிதக்கும் நீர்ப்பை. 20 மில்லிமீட்டர் பைக்குள் இருக்கும் முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. எந்த ஸ்கேனுக்கும் அது அகப்படாது. 'முட்டை நன்றாக வளர்ந்திருக்கிறது' என்று சொல்வது பையின் வளர்ச்சியைத்தான். வெடிப்பதும் பைதான். உள்ளிருந்து வந்தது முதிர்ந்த முட்டையா, அதன் குரோமோசோம்கள் சரியாக இருந்தனவா, விந்தணு அதற்குள் நுழைந்ததா, நுழைந்தபின் என்ன ஆயிற்று, இவை எல்லாம் இருட்டில் நடப்பவை.

அந்த இருட்டில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டையணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியே வருவது 400, 500தான். மற்றவை இருந்த இடத்திலேயே கரைந்துபோகும். எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பிறப்பதற்கு முன்பே இந்த அணுக்கள் குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. ஜோடி ஜோடியாகக் கட்டுண்டு நிற்கும் அந்தக் குரோமோசோம்கள், குறிப்பிட்ட முட்டையின் முறை வரும்வரை அப்படியே காத்திருக்கும். 20 வயதில் வெளிவரும் முட்டைக்கு 20 ஆண்டுக் காத்திருப்பு. 40 வயதில் வருவதற்கு 40 ஆண்டு. குரோமோசோம்களை வளையமாகச் சூழ்ந்து பிணைத்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் சிசுப் பருவத்திலேயே பூட்டப்படுகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில், பிறகு அது புதுப்பிக்கப்படுவதற்கான தடயம் தென்படவில்லை. ஆண்டுகள் போகப் போகப் பிணைப்பு தளர்கிறது. தளர்ந்த ஜோடி, பிரியும் நேரத்தில் தவறான பக்கம் போகிறது.

பிரித்துவிடும் கருவியும் மனித முட்டையில் அவ்வளவு நம்பகமானதில்லை. கேம்பிரிட்ஜில் மெலீனா ஷூ தலைமையிலான குழு 2015-இல் மனித முட்டைகளுக்குள் இந்த வேலை நடப்பதை நேரடியாகப் படமெடுத்தது. குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளைக் கட்டி முடிக்க முட்டைக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் பிடிக்கிறது. உடலின் சாதாரண அணு அதை அரை மணியில் முடித்துவிடும். கட்டும்போதே இழைக்கட்டு ஆடுகிறது, கலைகிறது, மறுபடி கூடுகிறது. இளம்பெண்ணின் முட்டையிலும் இந்த ஆட்டம் உண்டு. வயது அதைக் கூட்டுகிறது.

வயதும் முட்டையும் பின்னியிருப்பது தெரிந்து வெகுகாலமாகிறது. டவுன் சிண்ட்ரோமுக்குத் தாயின் வயதுதான் காரணி, தந்தையின் வயது அல்ல என்று லயனல் பென்ரோஸ் 1933-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது நுண்ணோக்கியில் தெரிந்தது 1959-இல்தான். கருத்தரிக்கும் வாய்ப்பின் கணக்கு பிரான்ஸிலிருந்து வந்தது. கணவருக்கு விந்தணுவே இல்லாததால் தானமாகப் பெற்ற விந்தணுவோடு சிகிச்சை பெற்ற 2,193 பெண்களை ஆராய்ந்து 1982-இல் வெளியான முடிவு அது. கணவரின் வயதும் தாம்பத்தியத்தின் அளவும் குழப்ப வழியில்லாத கணக்கு. பன்னிரண்டு மாதச் சிகிச்சையில் 30 வயதுவரை உள்ளவர்களில் 74 சதவீதம் பேர் கருவுற்றார்கள். 31 முதல் 35 வரை 61.5 சதவீதம், 35-ஐத் தாண்டினால் 53.6.

குறைவது முட்டையாலா, கருப்பையாலா? 1990, 91-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு நேரடியாக விடை கண்டார்கள். 40-ஐத் தாண்டிய பெண்களின் கருப்பையில், இளம்பெண்கள் தானமாகத் தந்த முட்டையிலிருந்து உருவான கருவை வைத்தார்கள். இளம்பெண்களுக்கு நிற்பதுபோலவே அவர்களுக்கும் கரு நின்றது. கருப்பைக்கு வயதாகவில்லை, முட்டைக்கு ஆகியிருந்தது. டோனர் முட்டைச் சிகிச்சை முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது.

2014-இல் நியூஜெர்சியிலிருந்து வந்த ஆய்வு, 15,169 கருக்களின் குரோமோசோம் பரிசோதனைகளைத் தொகுத்தது. குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருக்கள் 26 முதல் 30 வயதுக்குள்தான் மிகக் குறைவு. 35 வயதில் மூன்றில் ஒன்று, 40 வயதில் பாதிக்கு மேல், 43-ஐத் தொடும்போது ஐந்தில் நான்குக்கும் மேல். இன்னொரு விநோதமும் உண்டு. கோபன்ஹேகனை மையமாகக் கொண்ட குழு 2019-இல் 9 வயது முதல் 43 வயது வரையிலான முட்டைகளை ஆராய்ந்தபோது, பதின்வயதுச் சிறுமிகளின் முட்டைகளிலும் பிசகு அதிகமாகவே இருந்தது. வரைபடத்தில் அது குழிந்த கோடு. அடியில் இருப்பவை இருபதுகள். இளமை கூடக்கூட முட்டை நல்லதாக இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது முட்டைக்கு எதிரான வழக்கு. வலுவான வழக்குதான். 41 வயதுப் பெண்ணின் ஃபைலில் காரணம் புலப்படவில்லை என்று எழுதுவது, என்னைக் கேட்டால், எழுதியவரின் தயக்கத்தைத்தான் காட்டுகிறது. காரணம் பிறந்த தேதியிலேயே இருக்கிறது. அவரிடம் முட்டை தரம் குறைந்திருக்கலாம் என்று நேராகச் சொல்வதுதான் மரியாதை. மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் கொடுத்து நேரத்தைக் கடத்துவது அநியாயம்.

ஆனால் 29 வயதுப் பெண்ணின் கதை வேறு. அந்த வயதில் 'காரணம் புலப்படாத' என்ற பெயருக்குள் பலவிதமானவர்கள் அடங்கியிருக்கிறார்கள். லேப்ராஸ்கோபி செய்யாததால் கண்ணில் படாத லேசான எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர் ஒருவர். கணவரின் விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் சரி, டிஎன்ஏ சிதைந்திருக்கிறது என்கிற நிலை இன்னொருவருக்கு. வேலை காரணமாகக் கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று மாதத்தில் சரியான நாட்களைத் தவறவிடுகிறவர்களும் இதில்தான் வந்து விழுவார்கள். கரு தங்கி, தங்கியது தெரியாமலேயே கலைகிறவர்கள் வேறு. 1988-இல் அமெரிக்காவில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்துப் பார்த்தபோது, உண்டான கருக்களில் 22 சதவீதம் நாள் தள்ளிப்போனது உறுதியாகும் முன்பே கலைந்திருந்தன. இவர்களுக்கு மாதவிலக்கு ஓரிரு நாள் தாமதம், அவ்வளவுதான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், எந்தக் குறையும் இல்லாமலேயே தாமதப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எளிது. மாதத்துக்கு 20 சதவீத வாய்ப்புள்ள 100 தம்பதிகளில் ஓராண்டு முடிவில் 7 பேருக்குக் கரு நின்றிருக்காது. அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது, எண்கள் அப்படி விழுந்திருக்கின்றன. வாய்ப்பு 10 சதவீதமாக இருந்தால் 28 பேர் மிஞ்சுவார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது எட்டாகச் சுருங்கும். 5 சதவீதமாக இருந்தால் ஓராண்டில் 54 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆக, காரணம் புலப்படாதவர்கள் எல்லோரும் ஒரு நோயால் பீடிக்கப்பட்ட கூட்டம் இல்லை. அதிர்ஷ்டம் குறைந்தவர்கள், வாய்ப்பு குறைந்தவர்கள், உண்மையிலேயே எங்கோ முடிச்சு விழுந்தவர்கள் என்று மூன்று வகையினர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யார் எந்த வகை என்று காட்டும் பரிசோதனை இல்லை; காலமும் வயதும்தான் ஓரளவு காட்டும்.

நெதர்லாந்து மருத்துவர்கள் இதை நம்பித் துணிந்து பார்த்தார்கள். நடுத்தர வாய்ப்புள்ள 253 தம்பதிகளில் ஒரு பாதிக்கு ஆறு மாதம் ஊசிபோட்டு ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை). மறுபாதிக்கு ஒன்றும் செய்யாமல் ஆறு மாதக் காத்திருப்பு. 2006-இல் வந்த முடிவில் தொடர்ந்து வளர்ந்த கர்ப்பங்கள் சிகிச்சைப் பக்கம் 23 சதவீதம், சும்மா இருந்தவர்கள் பக்கம் 27. ஸ்காட்லாந்தில் 580 பெண்களிடம் செய்த ஆய்விலும் (2008) முட்டை வளர்ச்சியைத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 சதவீதம் பேருக்கும், எதுவும் சாப்பிடாதவர்களில் 17 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. முட்டை எல்லாம் கெட்டுப்போனவர்களுக்குத் தானாகவே இத்தனை கரு தங்காது. ஆனால் இந்தக் காத்திருப்பை எல்லோருக்கும் மந்திரமாக ஓத முடியாது. இயற்கையாகக் கருவுறும் வாய்ப்பு குறைவு என்று கணிக்கப்பட்ட 201 தம்பதிகளிடம் நியூசிலாந்தில் நடந்த ஆய்வு (2018) தலைகீழாக வந்தது: மாத்திரையோடு மூன்று முறை ஐயூஐ செய்தவர்களில் 31 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், காத்திருந்தவர்களில் 9 சதவீதம். 2013-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு ஐயூஐ வேண்டாம், இரண்டு ஆண்டு பொறுத்துவிட்டு ஐவிஎஃப் போகலாம் என்றது. 2023-இல் ஐரோப்பிய மருத்துவர் சங்கமோ முதல் சிகிச்சையே ஐயூஐதான் என்றது. பெரியவர்களே இப்படி முரண்படும்போது, நம்மூர் மருத்துவர் ஒருவர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் சொல்வதில் வியப்பில்லை.

இனி ஏஎம்ஹெச். இந்த மூன்றெழுத்து அளவுக்கு இந்தத் துறையில் கலவரத்தை உண்டாக்கியது வேறில்லை. சின்னஞ்சிறு நீர்ப்பைகள் சுரக்கும் இந்த ஹார்மோனின் அளவு, இருப்பில் எத்தனை முட்டை மிச்சம் என்பதைச் சுமாராகக் காட்டும். ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை கிடைக்கும் என்று கணிக்கவும், ஊசியின் டோஸை முடிவு செய்யவும் அது நல்ல கருவி. ஆனால் ரிப்போர்ட்டில் 0.8 என்று வந்தவுடன் முட்டை தரம் குறைவு என்று சொல்லிவிடுவது, மூட்டையைத் தூக்கி எடை பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் விதைநெல் முளைக்காது என்று சொல்வதற்குச் சமம். வட கரோலினாவில் 30 முதல் 44 வயதுவரை உள்ள, குழந்தைக்காக அப்போதுதான் முயலத் தொடங்கிய 750 பெண்களின் ஏஎம்ஹெச்சை அளந்து, யாருக்கு எப்போது கரு நிற்கிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: அளவு 0.7-க்கும் கீழே இருந்தவர்கள் ஆறு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு 65 சதவீதம். இயல்பான அளவு உள்ளவர்களுக்கு 62. வித்தியாசமே இல்லை. மாதம் ஒரு முட்டைதான் தேவை. இருப்பு குறைந்தவளுக்கும் மாதம் ஒன்று வருகிறது.

நம்மைப் பற்றிய ஒரு தகவலையும் இங்கே வைக்க வேண்டும். சிகிச்சைக்கு வந்த இந்தியப் பெண்களையும் ஸ்பானியப் பெண்களையும் ஒப்பிட்ட 2014 ஆய்வு, இந்தியப் பெண்களின் முட்டை இருப்பு தங்களைவிட ஆறு வயது மூத்த ஸ்பானியப் பெண்களின் இருப்பை ஒத்திருந்தது என்றது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முந்தித்தான். அதனால் 35 என்ற எல்லைக்கோட்டை நம்மூரில் சற்று முன்னே நகர்த்தி, முப்பதைக் கடந்ததும் சுறுசுறுப்பாக இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் அந்த ஆய்வும் பேசுவது எண்ணிக்கையைத்தான். ஆறு வயது முந்தி முட்டை கெட்டுவிடுகிறது என்று அதைத் திரித்துச் சொல்வதற்கு அதில் இடமில்லை.

முட்டையை உண்மையிலேயே கண்ணால் பார்க்கும் ஒரே இடம் ஐவிஎஃப் ஆய்வகம். முட்டையை முதிரவைக்கும் ட்ரிகர் ஊசி போட்டு 35 மணி நேரம் போல ஆனபின், மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் சினைப்பையிலிருந்து உறிஞ்சிய இளஞ்சிவப்பு நீர், சூடு ஆறாமல் குழாய் குழாயாக ஆய்வகத்துக்குள் போகிறது. எம்ப்ரியாலஜிஸ்ட் அதை அகலமான கிண்ணத்தில் ஊற்றி நுண்ணோக்கியில் துழாவுகிறார். முதலில் தெரிவது முட்டை இல்லை, சளிபோலத் திரண்ட அணுக்கூட்டம். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி செய்வதானால் ஒரு நொதியில் நனைத்து, மயிரிழைக் குழாயில் இழுத்து இழுத்து விட்டு அந்தத் திரளைக் களைவார். அப்போது வெளிவருகிறது முட்டை: கண்ணாடி போன்ற ஓடு, உள்ளே மெல்லிய மணல் தூவினாற்போல உருண்டை, ஓட்டுக்கும் உருண்டைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு குமிழ். அந்தக் குமிழ் இருந்தால் முட்டை முதிர்ந்தது என்று பொருள். இல்லாவிட்டால் அது விந்தணுவை ஏற்கத் தயாராக இல்லை.

எம்ப்ரியாலஜிஸ்ட்டால் பார்க்க முடிவது இவ்வளவுதான்: முதிர்ச்சி, ஓட்டின் தடிமன், உள்ளே குழிவுகளோ கரும்புள்ளிகளோ உண்டா என்பது. குரோமோசோம் கண்ணுக்குத் தெரியாது. 42 வயதுப் பெண்ணின் முட்டையும் 24 வயதுப் பெண்ணின் முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே அழகோடு இருக்கலாம்.

தோற்றத்தைவிட அதிகம் பேசுவது அடுத்த ஐந்து நாள். மறுநாள் காலை உள்ளே இரண்டு சிறு வட்டங்கள் தெரிந்தால் கரு உருவாகிவிட்டது. மூன்றாம் நாள் எட்டு அணுக்கள். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட். உருவான கருக்களில் பாதி போலத்தான் அதுவரை வந்து சேரும், அது யாருக்கும் இயல்பு. கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்வது நான்கு முதல் எட்டு அணு நிலையில்தான் என்று 1988-இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். அதுவரை நடப்பதெல்லாம் முட்டை சேர்த்து வைத்திருந்த புரதத்திலும் ஆர்என்ஏவிலும் ஓடுகிற வண்டி. அதனால் மூன்றாம் நாளுக்கு முன் நின்றுபோனால் முட்டையையும், பிறகு நின்றால் விந்தணுவையும் சந்தேகிப்பது ஆய்வக வழக்கம். வழக்கமே தவிர விதி இல்லை. முதல் அணுப் பிரிவுக்கு வேண்டிய மையத்துகளைக் கொண்டுவருவதே விந்தணு. அது பழுதானால் முதல் நாளிலேயே கோளாறு தொடங்கும். மனைவியின் முட்டை என்று எழுதப்படும் பல தோல்விகளில் கணவரின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை எத்தனை ஃபைல்கள் பதிவு செய்கின்றன?

ஊசியின் டோஸ், ட்ரிகர் போட்ட நேரம், இன்குபேட்டரின் நிலை இவையும் முட்டையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. எடுத்த பத்தில் ஏழு முதிராமல் வந்தால் ட்ரிகர் முந்திவிட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு சுழற்சியில் மோசமாக இருந்தது, முறையை மாற்றிய அடுத்த சுழற்சியில் சரியாக வருவதுண்டு. ஒரே முயற்சியை வைத்துத் தீர்ப்பெழுதுவது அவசரம்.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் பிறகு, சந்தேகமே இல்லாமல் முட்டைதான் காரணம் என்று நிற்கிற சிலர் இருக்கிறார்கள். கடந்த பத்தாண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிக அழகான வேலை இவர்களைப் பற்றியதுதான். இளம் வயது, ஒழுங்கான மாதவிலக்கு, நிறைய முட்டை. ஆனால் எத்தனை முறை எடுத்தாலும் ஒன்றுகூட முதிராது, அல்லது ஒன்றிலும் கரு உருவாகாது, அல்லது உருவானதெல்லாம் இரண்டு, மூன்று அணுக்களோடு நின்றுவிடும். ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் 2016-இல் இப்படிப்பட்ட 24 குடும்பங்களை ஆராய்ந்ததில், ஏழு குடும்பங்களில் டியூபிபி8 என்ற மரபணுவில் பிழை இருந்தது. முன்பு சொன்ன கதிர் இழைகளைக் கட்டும் செங்கல், மனித முட்டையில் அந்த மரபணு தரும் புரதம்தான். செங்கல் பழுது, இழை எழவில்லை, முட்டை முதிரவில்லை. முட்டைக்கு ஓடே உருவாகாத குடும்பத்தில் இஸட்பி1 மரபணுப் பிழை 2014-இல் தெரிந்தது. முதிர்ந்த முட்டை விந்தணு நுழைந்தும் விழித்துக்கொள்ளாமல் கிடப்பவர்களிடம் வீ2 மரபணுவில் கோளாறு என்று 2018-இல் கண்டார்கள். இவர்களின் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஏஎம்ஹெச்சும் அப்பழுக்கற்றவை. ஐவிஎஃப் வரை போயிராவிட்டால் காலமெல்லாம் 'காரணம் புலப்படாதவர்' பட்டியலிலேயே இருந்திருப்பார்கள். எண்ணிக்கையில் இவர்கள் அரிது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே கட்டத்தில் கரு நின்றுபோகிறவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்வது, ஏழாவது எட்டாவது ஐவிஎஃப் செலவைத் தவிர்க்கும்.

நோய் இன்னதென்று தெரியாத இடத்தில் மருந்து பெருகுவது வாடிக்கை. முட்டைத் தரத்துக்கென்று எழுதப்படும் சீட்டுகள் நீளமானவை. கோஎன்சைம் க்யூ10 இதில் முதலிடம். முட்டையணுவின் ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியா வயதோடு தளர்கிறது, அதற்கு இது ஊட்டம் என்பது தர்க்கம். எலிகளில் பலனும் கண்டார்கள். முட்டை இருப்பு குறைந்த இளம்பெண்களிடம் சீனாவில் செய்த ஆய்வில் (2018) முட்டையும் நல்ல கருக்களும் கூடின. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு வரவில்லை. விலை தாங்குமென்றால் சாப்பிட்டுக் கெடப்போவது ஒன்றுமில்லை, நம்பிக்கையை மட்டும் அதன் மேல் கட்டக் கூடாது என்பது என் எண்ணம். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு அந்தச் சலுகையும் கிடையாது: ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 130 பெண்களிடம் சோதித்ததில் ஊசி போட்டவர்களில் 14.5 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 13.7 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பெண்ணின் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துச் சினைப்பைக்குள் செலுத்தும் பிஆர்பி, சோதனைக்கு உட்படும் முன்பே கடைவிரித்துவிட்ட சிகிச்சை. முறையாகச் சோதித்த 2024 ஆய்வில் 83 பெண்களிடம் எந்தப் பலனும் தெரியவில்லை.

முட்டையையே பழுதுபார்க்கும் முயற்சிகளின் வரலாறு சுவையானது. 1997-இல் நியூஜெர்சியில் ஜாக் கோயனும் சக ஆய்வாளர்களும் இளம்பெண்ணின் முட்டைச் சாற்றில் சிறிதை வயதான முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறக்கவைத்தார்கள். குழந்தைக்கு மூன்றாம் ஆளின் மைட்டோகாண்ட்ரியா சேர்கிறது என்ற கவலையில் 2001-இல் அமெரிக்க அரசு தடுத்துவிட்டது. பெண்ணின் சொந்த அணுக்களிலிருந்தே மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து முட்டைக்குள் ஏற்றிய 'ஆக்மெண்ட்' பெரும் விளம்பரத்தோடு வந்தது. ஸ்பெயினில் ஒரே பெண்ணின் முட்டைகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்ததும் பலனில்லை என்று தெரிந்து, அடங்கிப்போனது. ஏதென்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெண்ணின் முட்டையிலிருந்து குரோமோசோம் கதிரை மட்டும் எடுத்து, கதிர் நீக்கிய டோனர் முட்டைக்குள் வைத்தார்கள். முதல் குழந்தை 2019-இல் பிறந்தது. 25 தம்பதிகளோடு நடந்த அந்த ஆய்வில் ஆறு குழந்தைகள் பிறந்தன. அதில் ஒரு குழந்தையிடம், நீக்கிவிட்டதாக நினைத்த தாயின் மைட்டோகாண்ட்ரியா மறுபடி பெருகியிருந்தது. சாற்றை மாற்றலாம், குரோமோசோம் பிசகை அது சரிசெய்யாது. வயதான முட்டையின் பெரிய கோளாறு அந்தப் பிசகுதான்.

பிஜிடி-ஏ எனப்படும் கருவின் குரோமோசோம் பரிசோதனையும் முட்டையை மேம்படுத்துவதில்லை. இருப்பதில் தேர்ந்தெடுக்க உதவுகிறது. நல்ல கருக்கள் போதுமான அளவு உள்ள 1,212 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வில் (2021), பரிசோதனை செய்தவர்களில் 77.2 சதவீதம் பேரும் செய்யாதவர்களில் 81.8 சதவீதம் பேரும் குழந்தை பெற்றார்கள். 38-ஐத் தாண்டியவர்களுக்குக் கருச்சிதைவின் வேதனையையும் வீண் காத்திருப்பையும் குறைக்க அது உதவலாம். 28 வயதுப் பெண்ணிடம் முட்டை தரத்தைச் சொல்லி அதை விற்பதற்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை.

சீட்டுகள் தீர்ந்ததும் வருவது டோனர் முட்டை. மருத்துவமாகப் பார்த்தால் இந்தத் துறையின் மிக வெற்றிகரமான சிகிச்சை அதுதான். 43 வயதுப் பெண்ணுக்கும் டியூபிபி8 பிழை உள்ளவருக்கும் அது சரியான யோசனை. ஒரு மையத்தின் வெற்றிக் கணக்கை உயர்த்துவதற்கும் அதுவே சுருக்கு வழி என்பதால், எவ்வளவு சீக்கிரம் அந்த யோசனை வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 23 முதல் 35 வயதுக்குள் உள்ள பெண் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே முட்டை தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2022-இல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயது கூட்டிக் காட்டிப் பலமுறை முட்டை எடுத்த கொடுமை வெளியே வந்தது. தாய் உட்படச் சிலர் கைதானார்கள், மருத்துவமனைகள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. டோனர் முட்டைக்கு இருக்கும் தேவை யார் உடம்பில் போய் முடிகிறது என்பதற்கு அது சாட்சி. தேவையில்லாதவருக்கும் முட்டை தரம் சரியில்லை என்று சொல்லும்போது அந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

அதே சட்டம், வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் சிகிச்சைக்கு முன் தம்பதிக்கு விளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் ஐவிஎஃப் தோற்ற பலரின் கையில் மிஞ்சுவது பீட்டா ஹெச்சிஜி நெகட்டிவ், அதாவது கர்ப்பம் இல்லை, என்ற ஒற்றைத் தாளும் பில்லும்தான். ஆய்வகத் தாள் என்று ஒன்று உண்டு: எத்தனை முட்டை எடுத்தார்கள், அவற்றில் முதிர்ந்தவை எத்தனை, மறுநாள் எத்தனையில் இரண்டு வட்டம் தெரிந்தது, மூன்றாம் நாள் எத்தனை அணு, ஐந்தாம் நாள் எத்தனை மிஞ்சின, எந்த ஊசி எத்தனை யூனிட், ட்ரிகர் எப்போது, அன்று எடுத்த விந்தணு எப்படி இருந்தது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். மையத்தை விட்டு வெளியேறும் முன் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; கணவரும் கூடப் போய்க் கேட்பது நல்லது, அதில் பாதி அவருடைய ரிப்போர்ட்.